காந்தத்துக்கு மசியாத தண்ணீர்

போன வருஷம் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனேன். வாசலிலேயே ஒரு பெண் நிறுத்தி, தாலிச்சங்கிலி, வளையல், கொண்டை ஊசி, சேஃப்டி பின் என்று எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போடச் சொன்னாள். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள். "ஆபரேஷன் பண்ணி பிளேட்டு எதுனா வச்சிருக்காங்களாம்மா? உடம்புக்குள்ள இரும்பு எதுனா இருக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

இயந்திரம் காதுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உடம்பு அசையவில்லை, மனசு கிளம்பிப் போய்விட்டது. அந்த அரை மணி நேரமும் நான் ஒரகடம் சாலையில்தான் இருந்தேன். அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய் வருவதற்காக நான் ஒரு பொருளைச் செய்துகொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டாள். என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

1991-இல் எனக்கு இருபத்து மூன்று வயது. வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, படப்பையிலிருந்து பஸ் ஏறி, ஒரகடம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கம் கார் கம்பெனிகளின் மதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. அன்றைக்கு எங்கள் கம்பெனிக்கு ஒரு பக்கம் வேலிக்காத்தான், மறு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. உள்ளே பதினெட்டுப் பேர். ஒரு மூலையில் ஒரு தராசு, ஒரு தொட்டி, இரண்டு பர்னர். அதற்குப் பெயர் லேப். அந்த லேப் முழுக்க நான் ஒருத்திதான்.

நாங்கள் செய்தது இரும்பு ஆக்சைடுத் தூள். கன்னங்கரேல் என்று, காந்தம் கண்ட இடத்தில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இரும்பு உப்புகளைக் கரைத்து அமோனியா ஊற்றினால் கறுப்பாகத் திரியும். அதைக் கழுவுவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. தொட்டிக்கு அடியில் பெரிய காந்தத்தை வைப்போம். தூள் எல்லாம் அடியில் போய் அப்பிக்கொள்ளும். மேலே நிற்கிற தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவோம். இப்படி ஏழு தடவை. ஓடி வந்து ஒட்டினால் சரக்கு, ஒட்டாவிட்டால் கழிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட பாடமே அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

அந்த ஆகஸ்டில் அவர் வந்தார். பட்டணத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய பேராசிரியரும் எங்கள் முதலாளியும் சிநேகிதர்கள். அந்த உறவில், வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை, எங்கள் லேபில் வேலை செய்துகொள்ள அவருக்கு இடம் கிடைத்தது. உதவிக்கு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு கை சுத்தம்" என்றார் முதலாளி. தராசைக் காட்டியபோதும் ஏறக்குறைய அதே தொனியில்தான் சொன்னார்.

அவருக்கும் வேண்டியிருந்தது இரும்பு ஆக்சைடுதான். ஆனால் நாங்கள் செய்வதைவிட ஆயிரம் மடங்கு பொடிசாக, ஒவ்வொரு துகளுக்கும் மேலே டெக்ஸ்ட்ரான் என்கிற சர்க்கரை வகைப் பொருளைப் பூசி. அதை ஊசியில் ஏற்றினால் ரத்தத்தோடு ஈரலுக்குப் போகுமாம். நல்ல ஈரல் அதை விழுங்கிக்கொள்ளும், ஸ்கேன் படத்தில் அந்த இடம் கறுத்துப் போகும். கட்டி இருக்கிற இடம் விழுங்காது, வெள்ளையாகவே நிற்கும். இவ்வளவு சின்னக் கட்டியைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம் என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். அவருடைய அப்பாவுக்கு வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்ததாம்.

"சீரக மிட்டாய் மாதிரியா சார்? உள்ள சீரகம், மேல சக்கரை?" என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான்" என்றார். "இத்தன நாளா இவ்வளவு லேசா யாரும் எனக்குச் சொல்லித் தரல."

அன்றைக்கே விழுந்துவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது? ஒருத்தி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அது நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஆணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவர் பட்டணத்திலிருந்து பூந்தமல்லி வழியாக வருவார். வழியில் செம்பரம்பாக்கம் ஏரி. லேபுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் ஏரியைப் பற்றித்தான் சொல்வார். "இன்னைக்கு ஏரில மாடு மேயுது." "இன்னைக்கு நடுவுல மட்டும் கொஞ்சம் தண்ணி கிடக்கு, கொக்கு நிக்கி." எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரியை எங்கேயோ தெற்கிலிருந்து வந்தவர் எனக்குச் சொல்கிறார். நான் அந்த வழியில் அதிகம் போனதில்லை. படப்பை, ஒரகடம், கம்பெனி, திரும்ப ஒரகடம், படப்பை. அவ்வளவுதான் என் உலகம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று மனசு கேட்க ஆரம்பித்துவிடும்.

இரண்டு மாதம் ஒன்றும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒட்டடை மாதிரிக் கட்டிக்கொண்டன. அவர் நோட்டில் எழுதுவார், நான் கண்ணாடிக் குடுவையைத் தேய்ப்பேன். தோற்றுப்போன சரக்குதான் என்றாலும் அடுத்த புதன் உண்டே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை வெளியே சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு நெருக்கடி வந்தது. உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. படம் எடுத்துக் காட்டினால்தான் நீட்டிப்பார்கள். அப்போது பட்டணத்திலேயே இந்த இயந்திரம் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தது. பேராசிரியர் யார் யாரையோ பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், ஒரு ஸ்கேன் சென்டரில் இடம் வாங்கியிருந்தார். அதை விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. மனிதருக்கோ எலிக்கோ ஊசி போடுகிற கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. கடல்பாசியைக் காய்ச்சி, சின்னக் குழாய்களில் ஊற்றி, அதில் இந்தக் கரைசலை வெவ்வேறு அளவில் கலந்து படம் எடுப்பதாகத் திட்டம்.

அந்த வாரம் புதன்கிழமை செய்த சரக்கு வித்தியாசமாக இருந்தது. பெரிய கட்டிகள் இல்லை. அவருக்கு முகமெல்லாம் பல். மறுநாள் மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அதுவரை செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். செலோபேன் குழாயில் ஊற்றி, இரண்டு முனையையும் நூலால் கட்டி, வாளித் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கிற உப்பும் அமோனியாவும் கசிந்து போய்விடும். அவ்வளவுதான்.

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். வியாழக்கிழமை காலையில் வழக்கத்தைவிட ஒரு பஸ் முன்னால் போய்விட்டேன். அவர் சொன்னதற்கு மேலே நன்றாகச் செய்து கொடுக்க வேண்டும் என்கிற வெறி. குழாயில் ஊற்றுவதற்கு முன்னால் நம் முறைப்படி ஒரு கழுவு கழுவிவிடலாமே, இன்னும் சுத்தமாக இருக்குமே என்று தோன்றியது. காந்தத்தை அடியில் வைத்தேன். கொஞ்சம் கறுப்பு அடியில் போய் ஒட்டியது. மேலே டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் வைத்தும் தெளியவில்லை. என்ன அழுக்குத் தண்ணீரப்பா என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். ஏழு தடவையும் கழுவினேன். அடியில் நின்றதைப் பாட்டிலில் எடுத்து மூடி, பாட்டிலையும் துடைத்து வைத்தேன்.

மத்தியானம் வந்தவரிடம் பாட்டிலைக் காட்டி, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். "பாருங்க சார், எப்டி ஓடியாருது!"

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல நின்ன தண்ணி எங்க?"

"ஊத்திட்டேன் சார்."

"எங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். அவர் வெளியே போய்ச் சாக்கடை ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். வேலிக்காத்தான் வேருக்குப் பக்கத்தில் மண் காப்பி நிறத்தில் நனைந்திருந்தது. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஓடி வந்து ஒட்டுதது எல்லாம் கட்டி கட்டியாச் சேந்தது" என்றார் கடைசியில், மண்ணைப் பார்த்தபடியே. "அது ரத்தத்துல போனா அடைச்சுக்கிடும். தனித்தனியா நின்னு, தண்ணியோட தண்ணியா இருக்கு பாருங்க, காந்தத்துக்கும் அசையாம, அதுதான் நமக்கு வேணும். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். தப்பு எம்மேல."

தப்பு என் மேல்தான் என்று எனக்குத் தெரியும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இன்னும் அசிங்கம் என்று, "நாளைக்கு இன்னொரு தபா செய்யலாம் சார், ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, சரி என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த வெள்ளியும் சனியும் கிடைத்தன. நான் ஒழுங்காக வேலை செய்திருந்தால் வியாழக்கிழமை பாட்டிலை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நான் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவர் சூட்டைப் பார்க்க வேண்டும். பாதியில் கரண்ட் போயிற்று. கலக்குகிற மோட்டார் நின்றது. கலக்குவதை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். கண்ணாடிக் குச்சியை எடுத்து அவர் கலக்கினார். கை ஓய்ந்தபோது நான் வாங்கிக் கலக்கினேன். என் கை ஓய்ந்தபோது அவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் வரவில்லை. அமோனியா நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணீராகக் கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரெதிரே நின்றோம். வாட்ச்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா ரெண்டு பேரும் இப்டி அய்துகினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போது சிரித்தோமே, அந்தச் சிரிப்பு.

மத்தியானம் என் டப்பாவில் இருந்த புளிசாதத்தில் பாதியைக் கொடுத்தேன். "நல்லாருக்குல்லா" என்றார். "லாவா? அது இன்னா சார் லா?" என்று கேலி செய்தேன். "நீங்க இன்னான்னு சொல்லலாம், நான் லான்னு சொல்லக் கூடாதோ?" என்றார். இப்படி ஒன்றுக்கும் உதவாத பேச்சு நாள் முழுக்க. ஒரு வார்த்தை விடாமல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரத்தை நான் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வேன்.

சனிக்கிழமை முழுக்கத் தண்ணீர் மாற்றினோம். வெளியே மழை. சாயங்காலம் குழாயின் முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலில் ஊற்றியபோது அதே டிகாக்ஷன் நிறம். எங்கள் பெரிய காந்தத்தை எடுத்துப் பாட்டிலோடு ஒட்டி வைத்தேன். ஒன்றும் நகரவில்லை. கால் மணி நேரம் கழித்தும் நகரவில்லை. அந்தத் தண்ணீர் காந்தத்துக்கு மசியவே இல்லை. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"புதன்கிழமை படத்தோட வாரேன்" என்றார். "நீங்கதான் மொதல்ல பாக்கணும்."

பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மழையில் ஓடிப் பஸ் பிடித்தார். ஏதாவது சொல்வார் என்று நான் கேட் வரைக்கும் போனேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். மண்ணூரில் இருந்து வந்த வரன் தோதாக இருக்கிறதாம், புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். புதன் வேண்டாம், வியாழன் வரச் சொல் என்றேன்.

"ஏன், புதன்கெழம இன்னா?"

"வேல கீதும்மா."

"நீ இன்னா கலெக்டர் உத்யோகமா பாக்குற? அவங்களே வலிய வர்றாங்க. ஒரு நாள் லீவு சொல்ல முடியாதா?"

என்ன வேலை என்று சொல்வேன்? ஒரு படம் வருகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றா? கடல்பாசிக் குழாய்களை எடுத்த படம் என்றா? அந்தப் படத்தைத் தவிர, கொண்டுவருகிற ஆளையும் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வர வேண்டும். வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். மனசில் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பாரே. சொல்லாதவரிடம் ஒன்றும் இல்லை. வலிய வருகிறவர்கள்தான் நிஜம்.

இரண்டு நாளுக்கு முன்னால்தான் அதே புத்தியால் ஒரு பாட்டிலைச் சாக்கடையில் கொட்டியிருந்தேன். அறிவு கெட்டவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

புதன்கிழமை தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கே பூ வைத்தார்கள். நிச்சயமான பெண் பஸ் ஏறி வேலைக்குப் போக வேண்டாம் என்று அன்று சாயங்காலமே அண்ணன் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வேலைக்குப் போகாத பெண்ணுக்கு ஒரகடம் தாண்டிப் போக ஒரு காரணமும் கிடையாது. தையில் கல்யாணம். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், இதைப் படித்தாலும் சிரித்துவிட்டு, அந்தத் திருநெல்வேலிக்காரருக்குப் புளிசாதம் பிடித்ததா என்றுதான் கேட்பார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில், அந்தப் படம் எப்படி வந்திருக்கும் என்று நினைக்காமல் ஒரு புதன்கிழமையும் போகவில்லை. என் சரக்கு கறுத்ததா இல்லையா? அதைச் சொல்ல ஒருவர்தான் உண்டு. அவர் எங்கே என்று கேட்க எனக்கு வழி இருக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, பூந்தமல்லியில் குடியிருந்தபோது, ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலைக்கு மனு போட்டேன். முன்னால் வேலை பார்த்த இடத்திலிருந்து சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்க ஒரு காலைநேரம் பழைய கம்பெனிக்குப் போனேன். கேட்டில் அதே வாட்ச்மேன்.

"இன்னா பாப்பா, இம்மாம் நாளா ஆளையே காணோம்" என்று தன் கூண்டுக்குள் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எதிரே ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு ஸ்கேன் பிலிம் ஆணி அடித்து மாட்டியிருந்தது. வெயில் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது. வரிசையாக ஆறு வட்டங்கள். முதலாவது வெள்ளை. அடுத்தடுத்தது சாம்பல், இன்னும் சாம்பல். ஆறாவது, ஓட்டை போட்டதுபோல் முழுக் கறுப்பு.

கிட்டே போனேன். ஆறாவது வட்டத்துக்குக் கீழே பேனாவால் சின்னதாக எழுதியிருந்தது. நோட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து. "வெள்ளி, சனி."

"அது உன்னுதுதான் பாப்பா" என்றார் வாட்ச்மேன். "அந்த சார் குட்தாரு, உன்னாண்ட குடுக்கச் சொல்லி. எனக்கு உன் வூடு தெரியாது. தூக்கிப் போட மனசு வரல. மழ உள்ள அடிக்குதேன்னு இங்க அடிச்சி வச்சேன்."

"எப்பண்ணா வந்தாரு?"

"உன்னப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கு. கடேசி பஸ்ஸு வரிக்கும் இங்கயே குந்தினு இருந்தாரு. உங்கண்ணன் வந்து சொல்லிட்டுப் போன விசயத்த நான்தான் அவராண்ட சொன்னேன். அப்பால இதக் குடுத்துட்டுப் போனாரு."

ஆணியைக் கழற்றி பிலிமை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகினார். வெளிச்சம் நின்றுவிட்டது. சான்றிதழை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறபோது பின்னாலிருந்து அவர் சொன்னார்.

"அதுக்கப்பறமும் மூணு புதன் வந்தாரு பாப்பா. வேலதான் முடிஞ்சி போச்சே சார், எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன். ஏரி ரொம்பிக்கினே வருது, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்னாரு. கடேசியா வந்த அன்னிக்கு, முயுசா ரொம்பிடுச்சி, கல்யாணப் பொண்ணு வந்தா சொல்லுங்கன்னாரு."

பூந்தமல்லி பஸ்ஸில் ஏரிப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பிலிம் மடியில் இருந்தது. செம்பரம்பாக்கம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, கொக்கு நின்றது. சொல்வதற்கு ஆள் இல்லை.